ஓகே பட்டன் திரைக்குக் கீழே போயிடுச்சா? இழுத்தாலும் பெரிசாகாத விண்டோவைச் சமாளிப்பது எப்படி?

மாதத்தின் 20-ம் தேதி, இரவு பத்து மணி. ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு நீங்கதான் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்றீங்கன்னு வச்சுக்குவோம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாச்சு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யூஎஸ்பியில் செருகியதும் ஒரு விண்டோ திறக்குது. அதன் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போயிடுச்சு. கையெழுத்து போடுவதற்கான பட்டன் அங்கேதான் இருக்கணும், ஆனா கண்ணுக்குத் தெரியலை. ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா அசையலை, மேக்ஸிமைஸ் பட்டனும் மங்கிக் கிடக்குது. நள்ளிரவு தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கி இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

இது வரி தாக்கலில் மட்டும் வரும் தலைவலி இல்லை. ஆபீஸ் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர், விபிஎன் செட்டிங்ஸ், ஏதோ ஒரு பிரிண்டரின் இன்ஸ்டாலர்னு எங்கே வேண்டுமானாலும் இது வரும். பெரும்பாலான சமயம் எதுவும் கெட்டுப்போயிருக்காது. அந்த விண்டோ எவ்வளவு உயரம், உங்க திரை உண்மையில் எவ்வளவு உயரம் கொடுக்குது என்ற இரண்டு எண்களும் பொருந்தலை, அவ்வளவுதான். அது புரிஞ்சா, புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே வேலையை முடிச்சுடலாம். ஆபீஸ் லேப்டாப்பில் இன்ஸ்டால் பண்ண ஐடி டிபார்ட்மென்ட் அனுமதி வேணும் என்பதால் அதுதான் முக்கியம்.

முதலில், பூட்டியிருக்கா, தொலைஞ்சிருக்கா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்த விண்டோவை ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு ஆல்ட் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்துங்க. ரீஸ்டோர், மூவ், சைஸ், மினிமைஸ் என்று ஒரு சின்ன மெனு வரும். கவனிக்க வேண்டியது 'சைஸ்' என்ற வரியை. அது மங்கலாக இருந்தாலோ, அந்த வரியே இல்லாவிட்டாலோ, அளவை மாற்ற முடியாதபடி புரோகிராமரே பூட்டியிருக்கார். தெளிவாக இருந்தால் பூட்டு இல்லை, உங்களுக்கு ஓரம் பிடிபடலை, அவ்வளவுதான். விண்டோஸ் 10-ல் இருந்து ஓரக்கோடு ஒரே ஒரு பிக்சல் தடிமனில்தான் தெரியுது. பிடித்து இழுக்கும் இடம் அதற்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத சில பிக்சல்களில் இருக்கு. அதோடு போராட வேண்டாம். மெனுவில் 'சைஸ்' கொடுத்துவிட்டு அம்புக்குறி கீகளாலேயே பெரிசாக்கிக்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. விண்டோ ஏற்கெனவே மேக்ஸிமைஸ் ஆகியிருந்தாலும் 'சைஸ்', 'மூவ்' இரண்டும் மங்கலாகத்தான் இருக்கும். முதலில் 'ரீஸ்டோர்' கொடுத்துப் பாருங்க. பவர்டாய்ஸ் ரன், கோபைலட் மாதிரி செயலிகள் ஆல்ட்-ஸ்பேஸைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதும் உண்டு. அப்படியானால் டாஸ்க்பாரில் உள்ள ஐகானை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்க, அதே மெனு வரும்.

விண்டோ முழுசாகவே காணோம், டாஸ்க்பாரில் மட்டும் இருக்கு என்றால் அது வேறு கதை. ஆபீஸ் மானிட்டரில் வைத்திருந்த இடத்தை அந்த புரோகிராம் ஞாபகம் வைத்துக்கொண்டு, வீட்டில் இல்லாத மானிட்டரில் போய் நிற்குது. ஆல்ட்-டேப் மூலம் அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-ஸ்பேஸ் அழுத்தி, எம் எழுத்தை அழுத்தி, ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரு தடவை தட்டிவிட்டு மவுஸை நகர்த்துங்க. விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துடும். இரண்டு மானிட்டரும் இணைந்திருந்தால் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்புக்குறி போதும். பூட்டிய விண்டோவும் அதற்குக் கட்டுப்படும்.

புது லேப்டாப்பில்தான் இடம் குறைவு

இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகுது. 1366×768 திரையுள்ள பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துக்குவோம். ஸ்கேல் 100 சதவீதம். உயரம் 768 பிக்சல். விண்டோஸ் 11-ன் டாஸ்க்பார் 48 பிக்சல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 720.

இப்போ அதைக் கொடுத்துவிட்டு 1920×1080 ஃபுல் ஹெச்டி திரையோடு 14 அங்குல லேப்டாப் வாங்குறீங்க. எழுத்து ரொம்பப் பொடிசாகத் தெரியக் கூடாதுன்னு ஸ்கேல் 150 சதவீதத்தில் இருக்கு. புது லேப்டாப்கள் பலவற்றில் பெட்டியைத் திறக்கும்போதே அப்படித்தான் வரும். 150 சதவீதம் என்றால் எல்லாமே ஒன்றரை மடங்கு பெரிசு. அதனால் 1080-ஐ 1.5-ஆல் வகுக்கணும். 720 வருது. டாஸ்க்பாரைக் கழித்தால் 672.

அதாவது, அதிக விலை கொடுத்து வாங்கிய திரையில் பழையதைவிட 48 பிக்சல் உயரம் குறைவு. தெளிவு கூடியிருக்கு, இடம் குறைஞ்சிருக்கு. 700 பிக்சல் உயரமுள்ள ஒரு ஃபார்ம் பழைய லேப்டாப்பில் அழகாக உட்காரும், புதுசில் கீழே 28 பிக்சல் வெட்டுப்படும். விண்டோஸின் வழக்கமான பட்டன் உயரம் 23 பிக்சல். ஓகே பட்டன் வரிசை மட்டும் கச்சிதமாகக் காணாமல் போவதன் ரகசியம் இதுதான்.

அதே ஃபுல் ஹெச்டி திரையில் ஸ்கேலை 125 சதவீதமாக்கினால் 816 கிடைக்கும், 100 சதவீதத்தில் 1032. இப்போது பரவலாகிவரும் 1920×1200 திரையில் 150 சதவீதம் வைத்தாலும் 752 தேறும். லேப்டாப் வாங்கப்போறவங்க அந்தக் கூடுதல் 120 பிக்சலை அலட்சியப்படுத்தாதீங்க. சிக்கல் உச்சத்துக்குப் போவது பழைய 1366×768 திரையில் 125 சதவீதம் வைக்கும்போது. கைக்குக் கிடைப்பது வெறும் 566.

அவசரத்துக்கு என்ன செய்யலாம்?

கணக்கு தெரிஞ்சாச்சு என்பதால் மருந்தும் தெரியும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் ஸ்கேல். 100 சதவீதமாக்கிவிட்டு அந்த புரோகிராமை மூடித் திறங்க. பத்தில் எட்டு சமயம் பட்டன் தெரிஞ்சுடும் என்பது என் அனுபவம். பழைய புரோகிராம்கள் மங்கலாகத் தெரியலாம், சைன் அவுட் செய்து வந்தால் சரியாகும். மங்கலோ தெளிவோ, கையெழுத்து போட்டு முடித்ததும் பழைய ஸ்கேலுக்கே திரும்பிடுங்க. கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம்.

ஸ்கேலைத் தொட மனசில்லை என்றால், பர்சனலைசேஷன் பகுதியில் டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைங்க. 48 பிக்சல் திரும்பக் கிடைக்கும். மேலே சொன்ன 28 பிக்சல் சிக்கலுக்கு இதுவே தாராளம்.

ஆல்ட்-ஸ்பேஸ், எம், பிறகு மேல் அம்புக்குறி என்று விண்டோவையே மேலே தள்ளச் சொல்லி நிறைய பேர் ஐடியா கொடுப்பாங்க. முயன்று பார்க்கலாம், காசா பணமா. ஆனால் சில விண்டோக்கள் தலைப்புப் பட்டை திரையின் மேல் விளிம்பைத் தொட்டதும் அங்கேயே நின்னுடும். லினக்ஸில் இந்த வழி அருமையாக வேலை செய்யும். நோம் டெஸ்க்டாப்பில் சூப்பர் கீயை அழுத்திக்கொண்டு, விண்டோவின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து இழுக்கலாம்.

எனக்குப் பிடித்த வைத்தியம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. டிஸ்ப்ளே ஓரியன்டேஷனை போர்ட்ரெய்ட் என்று மாற்றுங்க. திரை செங்குத்தாகத் திரும்பிடும். 150 சதவீத ஸ்கேலிலும் இப்போது உயரம் 1280. கழுத்தைச் சாய்த்துப் பார்க்கணும், மவுஸும் சொன்ன பேச்சைக் கேட்காது, ஆனால் எவ்வளவு உயரமான விண்டோவும் உள்ளே வந்துடும். அகலம் 720 மட்டுமே என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டுப்படலாம். புதுத் திரை அமைப்பை வைத்துக்கொள்ளவா என்று விண்டோஸ் கேட்கும். சில விநாடிகளுக்குள் பதில் சொல்லாவிட்டால் தானாகவே பழைய நிலைக்குப் போயிடும் என்பதால் பயப்பட வேண்டாம்.

இன்னொரு வழி, பட்டனைப் பார்க்காமலே அழுத்துவது. டேப் கீ ஒவ்வொரு கட்டமாக, பட்டனாக நகர்ந்துகொண்டே போகும், திரைக்கு வெளியே இருப்பதையும் விடாது. ஸ்பேஸ் பார் அந்த பட்டனை அழுத்தும். என்டர் வழக்கமாக முதன்மை பட்டனையும், எஸ்கேப் கேன்சல் பட்டனையும் இயக்கும். ஆனால் குருட்டாம்போக்கில் என்டர் தட்டாதீங்க. கீழே இருப்பது 'சேவ்' பட்டனா, 'எல்லாவற்றையும் அழி' பட்டனா என்று உங்களுக்குத் தெரியாது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேச ஆரம்பிக்கும். டேப் தட்டத் தட்ட, இப்போது எந்த பட்டனில் நிற்கிறீங்க என்று அது வாசித்துச் சொல்லும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவான வசதி, இந்த இடத்தில் எல்லோருக்கும் உதவுது. பழைய ஜாவா புரோகிராம்களில் மட்டும் நரேட்டர் வாயே திறக்காமல் போகலாம்.

மேக் வைத்திருக்கிறவங்களுக்கு, பூட்டிய விண்டோவின் பச்சை பட்டன் மங்கலாக இருக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் போய் 'மோர் ஸ்பேஸ்' பக்கம் நகர்த்துங்க. தத்துவம் அதேதான். பிரவுசருக்குள் திறக்கும் பக்கம் என்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம், கன்ட்ரோல் கீயோடு மைனஸ் போதும்.

ஏன்தான் பூட்டுறாங்க?

எல்லாப் பூட்டும் தப்பில்லை. 'இந்த ஃபைலை நீக்கவா?' என்று கேட்கும் பெட்டியைப் பெரிசாக்கி என்ன செய்யப்போறோம்? ஆனால் முப்பது கட்டங்கள் உள்ள ஃபார்மையும், நூறு வரிப் பட்டியலையும் பூட்டி வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல், இல்லாவிட்டால் செலவு மிச்சம்.

விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல். இந்தியாவில் சின்ன ஆபீஸ்களுக்கான பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு புரோகிராம்கள் ஏராளமாக அதில் எழுதப்பட்டன. ஃபார்மில் ஒரு பட்டன் வைத்தால், இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை என்று நிலையான எண்களில் அது உட்காரும். பயனாளர் விண்டோவைப் பெரிசாக்கினால் ஒவ்வொரு பட்டனும் எங்கே நகரணும் என்பதை புரோகிராமரே வரிவரியாக எழுதணும். விண்டோவின் ஓரங்களோடு கட்டங்களைக் கட்டிப்போடும் 'ஆங்கர்' வசதி 2002-ல் டாட்நெட்டோடுதான் வந்தது. அதற்கு முன் பலருக்கு இருந்த சுலபமான வழி ஃபார்மின் ஓரத்தை 'ஃபிக்ஸ்டு' ஆக்கிவிடுவது. ஒரு க்ளிக்கில் வேலை முடிஞ்சது. அந்தக் காலத்து 800×600, 1024×768 மானிட்டரில் அது சரியாகவும் இருந்தது.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. விண்டோஸ் 7-ல் 'பாத்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றியிருக்கீங்களா? சாஃப்ட்வேர் துறையில் இருந்தால் கட்டாயம் மாற்றியிருப்பீங்க. நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஒரு வரியை, ஒரு விரல் நீளப் பெட்டிக்குள் உருட்டி உருட்டித் திருத்தணும். எல்லோரும் அதை நோட்பேடுக்கு காப்பி செய்து, திருத்தி, திரும்ப ஒட்டினாங்க. ஒவ்வொரு பாதையையும் தனி வரியாகக் காட்டும் பட்டியல் 2015 நவம்பரில் விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் வந்தது.

பூட்டு என்பது உள்ளே என்ன என்று பார்த்தால் சப்பென்று இருக்கும். விண்டோஸில் ஒவ்வொரு விண்டோவுக்கும் 'ஸ்டைல்' என்று ஒரு எண் உண்டு. அதில் 262144 மதிப்புள்ள பிட் ஒன்றாக இருந்தால் ஓரத்தை இழுக்கலாம், பூஜ்யமாக இருந்தால் முடியாது. ஆட்டோஹாட்கீ போன்ற இலவசக் கருவியில் ஒரே வரியில் அந்த பிட்டை மாற்றிவிடலாம். ஓரம் உடனே இழுபடும். ஆனால் பாதி நேரம் ஏமாற்றம்தான் மிஞ்சும். சட்டம் பெரிசாகும், உள்ளே இருக்கும் கட்டங்கள் பழைய எண்களிலேயே உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வெற்றிடம். கதவைத் திறந்தாச்சு, வீட்டுச் சாமான் நகரலை. பட்டியல் பெட்டிகள் தானாக விரியும் சில புரோகிராம்களில் மட்டும் இது பலன் தரும். அட்மின் அனுமதியோடு ஓடும் விண்டோவை, சாதாரண அனுமதியோடு ஓடும் கருவியால் தொடவே முடியாது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் அதைத் தடுக்குது. வங்கி, டிஜிட்டல் கையெழுத்து சம்பந்தப்பட்ட புரோகிராம்களில் இந்த விளையாட்டே வேண்டாம் என்பேன்.

நேர் எதிரான சிக்கலும் உண்டு. விண்டோ சீட்டுக்கட்டு அளவுக்குச் சுருங்கி, எழுத்து எறும்பு மாதிரி தெரியும். பழைய ஜாவா 8 புரோகிராம்களை உயர் தெளிவுத் திரையில் திறந்தால் இதைப் பார்க்கலாம். விண்டோஸில் ஸ்கேலுக்கு ஏற்ப வளரும் திறன் ஜாவாவுக்கு 2017-ல் 9-வது பதிப்பில்தான் வந்தது. இதற்கு மருந்து, புரோகிராமின் ஐகானை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், ஸ்கேலிங் பொறுப்பை 'சிஸ்டம்' என்பதிடம் ஒப்படைப்பது. கொஞ்சம் மங்கலாகும், ஆனால் படிக்க முடியும்.

100 சதவீதத்துக்குப் போக முடியாதவங்க?

மேலே சொன்ன வைத்தியங்களில் முதலாவது, ஸ்கேலைக் குறைப்பது. பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் 200 சதவீதத்தில்தான் படிக்கவே முடியும் என்றால் அவருக்கு அந்த மருந்து கிடையாது. ஃபுல் ஹெச்டி திரையில் 200 சதவீதம் என்றால் உயரம் 540, டாஸ்க்பார் போக 492. பூட்டிய ஃபார்மில் பாதி அவர் கண்ணிலேயே படாது. நமக்கு ஒரு ராத்திரி எரிச்சல். அவருக்கு அந்த வேலையையே செய்ய முடியுமா முடியாதா என்ற கேள்வி.

தமிழ் இடைமுகத்திலும் இதே பூட்டு கடிக்குது. 'சேவ்' என்பதற்குச் 'சேமி' என்று சின்னதாக எழுதித் தப்பிக்கலாம். 'அமைப்புகள்', 'பதிவிறக்கங்கள்' எல்லாம் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பட்டனுக்குள் அடங்காது. தமிழுக்கு அகலம் மட்டும் இல்லை, உயரமும் வேணும். மேலே புள்ளி, கீழே உகரக் கொக்கி. நிலையான உயரப் பெட்டியில் மேல்பக்கம் சீவப்பட்டால் புள்ளி போயிடும், புள்ளி போனால் எழுத்தே வேறு.

இந்தியத் தரநிலை இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. டிஜிட்டல் அணுகல்தன்மைக்கான ஐஎஸ் 17802, ஐரோப்பாவின் இஎன் 301 549 தரத்தை அடிப்படையாகக் கொண்டது. உதவிக் கருவி இல்லாமலே எழுத்தை 200 சதவீதம் வரை பெரிசாக்கினாலும் உள்ளடக்கமோ பயன்பாடோ போய்விடக் கூடாது என்பது அந்த ஐரோப்பியத் தரம் வெப்சைட்டுகளுக்கு மட்டும் இல்லாமல் சாஃப்ட்வேருக்கும் வைக்கும் நிபந்தனை. 2023 மே மாதம் ஐஎஸ் 17802 மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் சேர்க்கப்பட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தத் தரங்களைப் பட்டியலிடும் 15(1)-ம் விதி அவற்றை வெறும் வழிகாட்டுதலாக நடத்துகிறது, அது சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் கேஒய்சி தொடர்பான பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் அதே நீதிமன்றம் சொன்னது.

பூட்டும் அதிகாரத்தை புரோகிராமரிடமிருந்து எடுக்கும் வேலையை மொபைல் உலகம் தொடங்கிடுச்சு. 2025-ல் வந்த ஆண்ட்ராய்டு 16, டேப்லெட் போன்ற பெரிய திரைகளில், தனக்காகத் தயாரான செயலி 'என் அளவை மாற்றாதே' என்று சொன்னாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. கேம்களுக்கு விலக்கு உண்டு. விண்டோஸில் பழைய புரோகிராம்கள் ஓடணும் என்ற கட்டாயம் இருப்பதால் அப்படி ஒரு நாள் சீக்கிரம் வராது.

அதனால் உங்க ஆபீஸ் வாங்கிய சாஃப்ட்வேரில் இந்தச் சிக்கல் வந்தால் தயாரிப்பாளருக்கு எழுதுங்க. 'விண்டோ சரியா வரலை' என்று எழுதினால், 'எங்க சிஸ்டத்துல சரியாத்தான் வருது' என்று பதில் வரும். திரையின் ரெசல்யூஷன், ஸ்கேல் சதவீதம், எந்த பட்டன் மறையுது என்ற மூன்றையும் எழுதி ஸ்கிரீன்ஷாட்டை இணைங்க. அவங்க முழு ஃபார்மையும் திருத்தி எழுத வேண்டியதில்லை. இடம் போதாதபோது ஒரு ஸ்க்ரோல் பார் வரும்படி செய்தாலே போதும் என்பதையும் அதே மெயிலில் சேர்த்துடுங்க.